பழைய ரோட்டில் பேராக்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், வழியில் ஒரு தே தாரேக் குடித்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்று அந்த அவசரம் வேண்டாம். தஞ்சோங் மாலிம் டோலில் இறங்கிவிடுவோம். நாமெல்லாம் பழைய ரோடு என்று சொல்கிற முதல் எண் கூட்டரசு சாலை அங்கே நமக்காகக் காத்திருக்கிறது.

ஹைவே கட்டம் கட்டமாகத் திறந்து 1994-ல் முழுமை பெறும் முன், வடக்கே போக வேண்டிய பஸ், லாரி, கல்யாண வேன் எல்லாம் இதில்தான் ஊர்ந்தன. 1942 ஜனவரியில் ஜப்பானிய டாங்கிகள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படையை உடைத்துக்கொண்டு வந்ததும் இதே ரோட்டில்தான். இப்போது பீடோரில் கொய்யாப்பழம் வாங்க நிறுத்தலாம், தாப்பாவில் கேமரன் மலைக்குத் திரும்பலாம், கம்பாரில் வயிறு பார்த்துக்கொள்ளலாம். பேராக்கில் கார்ப் பயணம் என்றால் பாதி நேரம் கார் நின்றுகொண்டுதான் இருக்கும்.

அமெரிக்காக்காரருக்கு இது புரியாது. அங்கே ஓட்டுவதே இன்பம். சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை போகும் ரூட் 66-ஐ 1985-ல் அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றும் அதைத் தேடிப் போய் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பா வேறு மாதிரி. ஊருக்கு ஊர் பக்கம், ரயில் வசதி உண்டு, பெட்ரோல் வரி கழுத்தை நெரிக்கும். அங்கே காரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதிலும் ஒரு பெருமை. பிரான்சில் மிச்செலின் டயர் கம்பெனி 1900-ல் பயணக் கையேடு போட்டது, ஜனங்கள் நிறைய ஓட்டி டயர் தேய வேண்டும் என்றுதான். பிறகு அது சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நாம் ஐரோப்பியர் கட்சி.

நம் பேராக்கும் முதலில் ரயிலை நம்பிய மாநிலம்தான். நாட்டின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஈப்போவின் வெள்ளை ரயில் நிலையம் 1917-ல் எழுந்தது. அந்த முதல் ரயிலுக்கு நூறு வருடம் கழித்து, ரூட் 66 பட்டியலிலிருந்து போன அதே 1985-ல், புரோட்டோன் சாகா கார் வந்தது. 1994-ல் ஹைவேயும் கன்சிலும் ஒரே வருடத்தில் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறி டவுனில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த 660 சிசி கன்சில்தான் முதல் கார். அதற்குள் எத்தனை பேர் ஏறினோம் என்று போலீசிடம் சொல்லாதீர்கள்.

பழைய ரோட்டுக்குத் திரும்புவோம். கோப்பேங்கிலிருந்து பத்து காஜா பக்கம் திரும்பினால் கெல்லி கோட்டை வரும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பர் காசில் கட்டத் தொடங்கி, 1926-ல் லிஸ்பனில் இறந்ததால் முடிக்காமல் விட்ட மாளிகை. எல்லோரும் அங்கே படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சற்றுத் தள்ளி தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது, அதையும் பாருங்கள். தொழிலாளர்கள் கேட்டு அவர் கட்டிக் கொடுத்தது என்பார்கள். கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை போட்ட துரையும் நிற்கிறார்.

அந்த ரப்பர் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்கச் சக்கரத்திலிருந்து. 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது, ரப்பர் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வாளி தூக்கிக் கால்நடையாக நிரை நிரையாகப் பால் வெட்டியவர்களுக்குக் கார் என்பது துரை போகும்போது ஒதுங்கி நிற்க வேண்டிய சமாசாரம். 1929-க்குப் பிறகு அமெரிக்கர்கள் கார் வாங்குவது குறைந்தது. விலை சரிந்தது. 1930களின் தொடக்கத்தில் தோட்ட ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். டெட்ராயிட்டில் நின்ற காருக்குச் சுங்கை சிப்புட் லயத்தில் அடுப்பு அணைந்தது. அமெரிக்கச் சாலைப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை எழுதுவதில்லை.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்துவிட்டன, கோயில் மட்டும் நிற்கும் தோட்டங்கள் உண்டு. திருவிழாவன்று பாருங்கள், கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார்கள் செம்மண் பாதையில் வரிசை கட்டும். அமெரிக்கர் வீட்டை விட்டுத் தூரமாகப் போக வண்டி எடுக்கிறார். இவர்கள் எடுப்பது, பாட்டி பால் வெட்டிய இடத்துக்கு வர.

ஈப்போவில் புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வடக்கே ஓட்டுங்கள். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. அங்கே 1877-ல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு ஹைவேயில் திரும்புகிறவர்கள் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய இறக்கத்தில் நிதானமாக வாருங்கள், மழை பெய்தால் அது மோசமான இடம். அவசரமில்லாதவர்கள் சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ரோட்டிலேயே வரலாம், டோலும் கிடையாது.