பிளாஸ்மா கட்டர் வாங்கினோம், பாடமும் படித்தோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், வெல்டிங் பட்டறை நடத்தும் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அதில் ஐந்து பேர் சேர்ந்து வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறோம். ஜன்னல் கிரில், கேட் என்று ஆரம்பித்து, இப்போது லோடு ஆட்டோ, வேன்களுக்கு டிங்கரிங் வேலையும் செய்கிறோம். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் வேலை. "பொம்பளைங்க டிங்கரிங் பண்ணுவாங்களா?" என்று கேட்டவர்களே இன்று வண்டியைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

ஆனால் இன்று பெருமை பேச நாங்கள் வரவில்லை. ஒரு மெஷின் வாங்கிவிட்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வந்திருக்கிறோம். வேறு எந்தக் குழுவும் அந்தப் பாடு படக்கூடாது.

ஏன் வாங்க நினைத்தோம்?

தகடு வெட்ட எங்களிடம் இருந்தது கிரைண்டர்தான். ஒருநாள் அதன் வீல் உடைந்து தெறித்து, ஒரு சகோதரியின் முன்கையில் ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. கேஸ் கட்டிங் வைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துபோகிறது. எஸ்.எஸ்., அலுமினியம் இரண்டையும் அதில் அறுக்கவும் முடியாது.

பிளாஸ்மா கட்டரில் அழுத்தமான காற்று சிறு துளை வழியாக வரும். அதன் ஊடே மின்சாரம் பாயும்போது காற்றே 20,000 டிகிரி வரை சூடாகி, இரும்பை உருக்கி ஊதித் தள்ளிவிடும். மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும் அறுக்கும். சூடு பரவுவது குறைவு என்பதால் தகடு அவ்வளவாக நெளியாது.

எங்கே தவறினோம்?

கடைக்காரர், "12 எம்.எம். அறுக்கும், வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார். குழுவில் உள்கடன் எடுத்து, 32,000 ரூபாய்க்கு 40 ஆம்ப் மெஷினை வாங்கி வந்தோம். வீட்டு லைனில் மாட்டினோம். டிரிப் ஆனது. பெயிண்ட் அடிக்கிற சின்னக் கம்ப்ரஸரை இணைத்தோம். இரண்டு நிமிடத்தில் காற்று தீர்ந்தது. ஒரே வாரத்தில் நாலு டிப் கருகிப் போயின. மெஷின் மூன்று மாதம் சாக்குக்குள் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஒரு சகோதரி தன் கம்மலை அடகு வைத்து ஒரு தவணை கட்டினார். அந்தக் கம்மலை மீட்டுக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டோம். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. நாம் வெட்டுவது எவ்வளவு கனம்? வண்டியின் பாடித் தகடு 1 எம்.எம்.மை ஒட்டித்தான் இருக்கும். கிரில், பிராக்கெட் வேலை 3 முதல் 6 எம்.எம். இதற்கு 30 ஆம்ப் மெஷினே போதும். கடையில் சொல்லும் பெரிய எண், எப்படியோ துண்டாகும் கனம். சுத்தமாக அறுக்கும் கனம் அதைவிடக் குறைவு. அந்த எண்ணைக் கேளுங்கள். நம் தகட்டையே கையோடு கொண்டுபோய் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

2. எவ்வளவு நேரம் விடாமல் ஓடும்? "60 சதம்" என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அறுக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். எத்தனை ஆம்பில் 60 சதம் என்றும் பாருங்கள்.

3. கரண்ட் தாங்குமா? 40 ஆம்ப் என்பது டார்ச்சில் வரும் அளவு. அதை முழு அளவில் ஓட்டினால், சிங்கிள் பேஸ் லைனில் 25 ஆம்பியருக்கு மேலேயும் இழுக்கலாம். சாதாரண 15 ஆம்பியர் பிளக் தாங்காது. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்வாரியம் கூடுதல் கட்டணமும் போடும். நாங்கள் பட்டறைக்கென்று தனி இணைப்பு வாங்கினோம்.

4. காற்று போதுமா? இந்த அளவு மெஷினுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 170 லிட்டர் வரை காற்று தொடர்ந்து வேண்டும். கம்ப்ரஸர் டாங்க் பெரிதாக இருந்தால் போதாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியே தரும் என்று பாருங்கள். நாங்கள் 2 எச்.பி. வாங்கினோம். காற்றில் ஈரம் இருந்தால் டிப்பும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேயும். எங்கள் நாலு டிப் கருகியது அதனால்தான். ஈரம் பிரிக்கும் பில்டர் கட்டாயம் வேண்டும். தினமும் டாங்க் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

5. டிப், எலக்ட்ரோடு பக்கத்து டவுனில் கிடைக்குமா? தேயத் தேய மாற்ற வேண்டிய சாமான்கள் இவை. கிடைக்காத டார்ச் என்றால் மெஷின் சும்மா கிடக்கும்.

கம்ப்ரஸர், வயரிங், இணைப்பு, பில்டர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கு இன்னொரு 35,000 ரூபாய் ஆனது. அதாவது மெஷின் விலை பாதிச் செலவுகூட இல்லை. இதைத்தான் நாங்கள் முதலிலேயே நோட்டில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு வார்த்தை. வண்டியில் வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். தகட்டுக்குப் பின்னால் வயர், பஞ்சு, டீசல் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் டாங்க், எண்ணெய் டிரம் காலியாக இருந்தாலும் வெட்டவே கூடாது, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். ஜி.ஐ. தகட்டின் புகை குளிர்காய்ச்சல் கொண்டுவரும். காற்றோட்டமான இடத்தில் வெட்டுங்கள். 40 ஆம்ப் வரைக்கும் குறைந்தது 5-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். நைலான் சேலையோடு டார்ச்சைத் தொடாதீர்கள். பருத்திச் சட்டை, தோல் கையுறை, ஷூ போடுங்கள். டார்ச்சில் வரும் மின்னழுத்தம் வெல்டிங் மெஷினைவிட அதிகம். ஈரக்கையோடு தொடக்கூடாது. டிப் மாற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இன்று எங்கள் மெஷின் ஓடுகிறது. வேன் படிக்கட்டுத் தகட்டை வெட்டி எடுக்க முன்பு அரைநாள் ஆகும். இப்போது அரைமணி நேரம். உள்கடனையும் முழுவதும் அடைத்துவிட்டோம்.

சகோதரிகளே, நீங்கள் மாவு மெஷின் வாங்கினாலும், தையல் மெஷின் வாங்கினாலும் இதே கதைதான். மெஷினோடு சேர்ந்து என்னென்ன வேண்டும், அதற்கு என்ன செலவு என்று குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதிய கணக்கைப் பார்த்துவிட்டு, அப்புறம் கடன் தீர்மானம் போடுங்கள். எங்கள் பட்டறைக்கு வந்து பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள். தகடு கொடுத்து, டார்ச்சையும் கையில் கொடுப்போம்.