இரைப்பு நோயாளிக்கு வீட்டுச் சமையல்



விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் இருமலும் இரைப்புமாக வருஷக்கணக்கில் காலங்கழிப்போர் அநேகர். புகைபிடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர் உண்டு. வேலைத்தலத்தில் மருந்துத்தூளையும் தூசியையும் சுவாசித்தவர் உண்டு. பீடியைக் கையால் தொட்டறியாத ஸ்திரீகளும் இந்நோயால் வருந்துகின்றனர். சீமைக்கருவேல விறகடுப்பின் முன் ஊதுகுழலுடன் முப்பது வருஷம் உட்கார்ந்ததே அவர்கள் செய்த குற்றம்.

நாட்பட்ட இந்நோயில் சுவாசக் குழாய்கள் குறுகுகின்றன, காற்றறைகள் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் வளர்வதில்லை. மருத்துவர் கொடுக்கும் உறிஞ்சு மருந்து மூச்சை எளிதாக்கும்; அதை நிறுத்தலாகாது. ஆனால் சுகமுள்ளவன் அறியாமலே விடும் மூச்சை நோயாளி உழைத்தே விடவேண்டியிருக்கிறது. இதற்கு அதிக சக்தி செலவாகிறது. மூச்சு வாங்குவதால் உண்ணவும் முடிவதில்லை. எடை குறைகிறது, தசை கரைகிறது, மூச்சை இழுக்கும் தசையும் அதனுடன் கரைகிறது. பிறகு இரைப்பு இன்னும் மிகுகிறது.

இந்நிலையில் வீட்டார் அன்போடு செய்யும் தவறு ஒன்றுண்டு. நீர்த்த கஞ்சியைப் பெரிய சொம்பு நிறையக் கொடுத்து, “வயிறு நிறையக் குடி” என்கிறார்கள். வயிறு நிறைந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலுக்கு இடம் குறைகிறது. உள்ளே போனதோ பெரும்பாலும் தண்ணீர். ஆகையால் மூன்று பெருவேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறுவேளைகளாகப் பிரிப்பதே சிலாக்கியம். கஞ்சி கொடுப்பதானால் கெட்டியாகக் காய்ச்சி, வேகவைத்து மசித்த பருப்பும், அரைத்த நிலக்கடலையும், ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி, கிண்ணமோ பெரிதாகவில்லை. தண்ணீரைச் சாப்பாட்டுடன் குடியாமல் இடைவேளைகளில் குடிக்கலாம்.

மெலிந்துவரும் நோயாளிக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 45 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 55 கிராம் முதலாகும். இரண்டு முட்டை, 75 கிராம் பருப்பு, அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை ஆகியவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதி அரிசியிலும் கம்பிலும் உண்டு. சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே இவ்வளவு உண்ண வேண்டும்.

பால் சளி கட்டும், முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கடைசியில் ரசஞ்சோற்றில் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. பால் அருந்துவதால் நுரையீரலில் சளி அதிகமாகச் சுரப்பதாகப் பரிசோதனைகளில் ருசுவாகவில்லை. வாயிலே சற்றுக் கொழகொழப்புத் தோன்றுவதுதான். ஒருவருக்கு ஒரு பொருள் ஒவ்வாமல் போகலாம். அதை அவர் விலக்கட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் விலக்குவது வீண் பட்டினியேயாகும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவையும் வாழ்நாள் முழுதும் மறக்கச் சொல்லவேண்டியதில்லை. இரவு வயிறு முட்டத் தின்று படுப்பதே தீங்கு. காலில் வீக்கம் உள்ளவர் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்புக்கு அஞ்சவேண்டும்.

எதைச் சமைப்பது என்பதைக் காட்டிலும் கடினமான கேள்வி, யார் சமைப்பது என்பதே. பல வீடுகளில் நோயாளியும் சமையற்காரியும் ஒருவரே. அவள் புகையில் நின்று எல்லாருக்கும் ஆக்கிப் பரிமாறி, கடைசியாகச் சட்டியின் அடியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு உட்காரும்போது மெல்லவும் மூச்சு இருப்பதில்லை. பசியில்லை என்று எழுந்துவிடுகிறாள். வீட்டாரும் அதை நம்பிவிடுகின்றனர்! அவளுடைய பங்கு முதலில் எடுத்து வைக்கப்படவேண்டும். உண்பதற்கு முன் அரைமணி நேரம் அவள் இளைப்பாற வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக உண்ண வேண்டும். எரிவாயு அடுப்பு இருந்தும் சிலிண்டரைச் சிக்கனப்படுத்த விறகுக்குத் திரும்புவது பொய்ச் சிக்கனம். விறகே கதியானால், உலர்ந்த விறகைக் கொண்டு வெளியில் வேறொருவர் சமைக்கட்டும். வற்றல் வறுப்பதும் தாளிப்பதும் நோயாளி அருகில் இல்லாதபோது நடக்கட்டும். பட்டாசு வேலைக்குச் சென்றவர் உடுப்பை வெளியிலேயே மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே அடுக்களைக்குள் வரவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் காசமாகவும் இருக்கலாம். முதலில் சளியைப் பரிசோதிப்பது அவசியம். காசத்துக்கு உணவு மருந்தாகாது. சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், நல்ல ஆகாரத்துடன் சானடோரியத்தில் இருந்தவரைப் போலவே, ஏழை வீடுகளில் இருந்து மருந்துண்டவரும் குணமடைந்தனர். ஆயினும் உணவு வீட்டாரைக் காக்கிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சியில், காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசம் தோன்றுவது சுமார் 39 சதவிகிதம் குறைந்தது. கூட்டுறவுச் சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடையில் மாதந்தோறும் கிடைக்கும் அரிசி, துவரம்பருப்பு, பாமாயில் மூன்றும் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதை இதனால் அறியலாம். துவரம்பருப்பை வாங்காமல் விடுவதும், வாங்கி விற்பதும் நோயாளியுள்ள வீட்டுக்குத் தகாது.

சாமான் வாங்க வரும் நாளிலே நோயாளியை மாதம் ஒருமுறை நிறுத்து, எடையை ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தால் அதுவே போதும். முயலாமலே இரண்டு மாதத்தில் இரண்டு கிலோவோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.