தெருவோடு தெரு சேரும் இடம்



நகரம் வளர்கிறது என்றால் வீடுகள் பெருகுகின்றன, மக்கள் பெருகுகின்றனர் என்றே எண்ணுகிறோம். தெருவுக்கும் தெருவுக்கும் உள்ள உறவு என்னவாகிறது என்று எண்ணுவதில்லை.

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதன் புறத்தே ஆவணி மூல வீதி, அப்பால் மாசி வீதி, பின்னர் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த இவற்றைக் குறுக்குத் தெருக்களும் சந்துகளும் பிணைக்கின்றன. வெளி வீதி பழையதன்று. 1840-ஆம் ஆண்டையொட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அப்போது பிறந்த தெருக்களுள் ஒன்று, அளவைப் பணியிலிருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஊர் மதிலைக் கடந்தது. ஆயினும் பழைய தெருக்களோடு கைகோத்தே கடந்தது.

இந்தக் கைகோப்பின் பயன் என்ன? கட்டமிட்ட தாளில் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து மூன்று கட்டம் கிழக்கே, மூன்று கட்டம் வடக்கே உள்ள மூலைக்குச் சுற்றாமல் செல்ல 20 வழிகள் உண்டு. புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு கட்டம் கிழக்கும் ஒரு கட்டம் வடக்கும் தள்ளியுள்ள ஒரே ஒரு சந்தியை அடைத்துவிடுங்கள். எஞ்சுபவை 8 வழிகளே! நம்பாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம். நானும் முதலில் நம்பவில்லை.

பிற்காலத்தில் ஊர் மேற்கே ரயில் பாதையையும் வடக்கே வையையையும் தாண்டிற்று. அவற்றைப் பாலமுள்ள இடத்தில்தான் கடக்க முடியும். அது இயற்கை, குறை கூறுவதற்கில்லை. ஆனால் நகரின் விளிம்பில் ஒவ்வொரு மனைப் பிரிவையும் அதனதன் உரிமையாளர் தனித்தனியே வரைகிறார். அவர் தெரு அடுத்தவர் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டுத் தெரு அமைதி தரும் என்பாரும் உளர். உண்மைதான். அமெரிக்காவில் 1929-இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பில் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தார்கள். ஆனால் நடப்போருக்கென்று தனிப் பாதைகளும் விட்டார்கள்.

என் தமக்கை குடியிருப்பது அத்தகைய முட்டுத் தெருவொன்றில். பள்ளிக்கூட மணி அவள் அடுக்களையில் கேட்கும். ஆயினும் அவள் மகன் லாரிகள் ஓடும் பெருஞ்சாலையில் அரை மணி நேரம் நடந்தே அப்பள்ளியை அடைகிறான். சுவரருகே காலியாக இருந்த மனையில் நான்கடிப் பாதை விடும்படி தெருவார் கேட்டார்கள். கோட்டை மதில் அரசுடையது; ஓர் உத்தரவில் போயிற்று. இந்தச் செங்கற்சுவருக்கோ உரிமையாளர் இருவர். பேச்சு இரண்டாண்டு நீண்டது. இப்போது அந்த மனையில் ஒரு வீடு எழும்பியிருக்கிறது.