எபிசோடு 37: ஸ்விட்ச் நம்மளுது, லைசென்ஸ் யாருது?

இன்னிக்கு ரொம்ப போரிங்கான ஒரு பெட்டியைப் பத்திப் பேசப் போறோம். நெட்வொர்க் ஸ்விட்ச். உங்க ஆபீஸ்ல எப்பவும் ஏசி ஓடிட்டே இருக்கற ஒரு சின்ன ரூம் இருக்கும் இல்லையா, அங்க ரேக்குல பச்சை லைட்டு மினுக்கிட்டு இருக்கும். அதுதான். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, வைஃபை எல்லாத்தோட கேபிளும் வந்து சேர்ற இடம். வர்ற டேட்டாவை சரியான போர்ட்டுக்குத் தள்ளி விடறது அதோட வேலை.

இதுக்கு எதுக்கு ஒரு முழு எபிசோடு? சில ஸ்விட்ச்ல லைசென்ஸ் தேதி முடிஞ்சு 30 நாள் தாண்டுச்சுன்னா, பெட்டி வேலையை நிறுத்திடும். கரண்ட் இருக்கு, கேபிள் இருக்கு, காசு குடுத்து வாங்குன பில்லும் இருக்கு. டேட்டா மட்டும் போகாது.

இந்த விஷயம் என்கிட்ட காஞ்சிபுரத்துலேருந்து வந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தனோட குடும்பம் அங்க பட்டுப் புடவைக் கடை வெச்சிருக்காங்க. ரெண்டு மாடி, பின்னாடி ஒரு குடோன். கடையைப் புதுப்பிக்கும்போது ஒரு டீலர் 24 போர்ட் ஸ்விட்சுக்குக் கொட்டேஷன் குடுத்திருக்கார். முதல் வரியில பெட்டி விலை. ரெண்டாவது வரியில '3 வருஷ சப்ஸ்கிரிப்ஷன்', பெட்டி விலையில கிட்டத்தட்ட பாதி. அவன் அப்பா கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "தம்பி, தறி வாங்குனா தறி நம்மளுது. ஜக்கார்டு அட்டை அடிச்சு வாங்குனா அட்டை நம்மளுது, அதுல எத்தனை புடவை வேணா நெய்யலாம். இது என்னப்பா, காசு குடுத்து வாங்கிட்டு அப்புறமும் வாடகையா?"

நான் சாஃப்ட்வேர் ஆளு. வாடகைக்கு விடறதுதான் எங்க மொத்தத் தொழிலே. அதனால கொஞ்சம் நெளிஞ்சேன். ஆனா கேள்வி சரியான கேள்வி.

பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு சிப், கொஞ்சம் மெமரி, ஒரு பவர் சப்ளை, ஒரு ஃபேன். அந்த சிப்பை பிராட்காம், மார்வெல், ரியல்டெக் மாதிரி சில கம்பெனிகள் செய்றாங்க. வேற வேற பிராண்டு பெட்டிக்குள்ள ஒரே கம்பெனி சிப் இருக்கறது சர்வசாதாரணம். ஹார்டுவேர்ல வித்தியாசம் குறையக் குறைய, பிராண்டுகள் காசு பார்க்கற இடம் சாஃப்ட்வேருக்கு நகர்ந்துடுச்சு. பெட்டியை ஒரு தடவை விற்கலாம். சப்ஸ்கிரிப்ஷனை திரும்பத் திரும்ப விற்கலாம். ஷேர் மார்க்கெட்டுக்கும் ரெண்டாவது வகை வருமானம்தான் பிடிக்கும்.

சிஸ்கோவை எடுத்துக்கோங்க. 2017ல கேட்டலிஸ்ட் 9000 வரிசையைக் கொண்டு வந்தாங்க. அதுல லைசென்ஸ் ரெண்டு அடுக்கு. அடிப்படை நெட்வொர்க் லைசென்ஸ் பெட்டியோடயே நிரந்தரமா வரும். அதுக்கு மேல டிஎன்ஏன்னு ஒரு சப்ஸ்கிரிப்ஷன், 3, 5 இல்ல 7 வருஷத்துக்கு. வாங்கும்போது இதையும் சேர்த்துதான் வாங்கணும், வேணாம்னு சொல்ல முடியாதுங்கற மாதிரி விற்றாங்க. ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்தக் காலம் முடிஞ்சா ஸ்விட்ச் நிக்காது. டேட்டா போயிட்டேதான் இருக்கும். போறது டிஎன்ஏ தர்ற ஆட்டோமேஷன், அனலிட்டிக்ஸ் மாதிரியான மேல் அடுக்கு வசதிகள் மட்டும். அந்த வசதியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆபீஸ், ரின்யூவல் மெயில் வந்ததும் 'நெட் நின்னுடுமோ'ன்னு பயந்து காசு கட்டினா, அந்தக் காசு பயத்துக்குப் போகுது.

அதே சிஸ்கோகிட்ட மெராக்கின்னு இன்னொரு வரிசை இருக்கு. 2012ல 1.2 பில்லியன் டாலர் குடுத்து வாங்குன கம்பெனி. எல்லாத்தையும் கிளவுட்ல ஒரே டேஷ்போர்டுலேருந்து பார்த்துக்கலாம், உண்மையிலேயே அழகா இருக்கும். ஆரம்பத்துல நான் சொன்ன 30 நாள் கதை இதோடது. கோ-டெர்மினேஷன்ங்கற முறையில உங்க எல்லா பெட்டியோட லைசென்சுக்கும் சேர்த்து ஒரே முடிவு தேதி. அது தாண்டி 30 நாள் அவகாசம். அதுக்கும் மேல ரின்யூ பண்ணலைன்னா மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். நடுவுல குறைஞ்ச கால லைசென்ஸோட ஒரு பெட்டியைச் சேர்த்தீங்கன்னா, பொதுவான தேதி முன்னாடி நகரும். இது ரகசியம் எல்லாம் இல்ல, அவங்க ஆவணத்துலயே இருக்கு. கொட்டேஷன்ல தான் இருக்காது.

ஒரே கம்பெனி, ரெண்டு பெட்டி. ஒண்ணு தேதி முடிஞ்சாலும் ஓடும், இன்னொண்ணு நிக்கும். ரெண்டு கொட்டேஷன்லயும் அதே வார்த்தை: 'சப்ஸ்கிரிப்ஷன், 3 வருஷம்'. அதனால டீலர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்ல. "தேதி முடிஞ்ச மறுநாள் காலையில இந்தப் பெட்டி என்ன செய்யும்?" பதிலை எழுத்துல வாங்குங்க.

சரி, கடைக்கு என்னதான் வேணும்? பில்லிங் கம்ப்யூட்டர் 3, கேமரா 14, வைஃபை பாயிண்ட் 4, குடோனுக்கு ஒரு லைன். கேமராவும் வைஃபையும் அதே கேபிள்ல கரண்ட் எடுத்துக்கும், அதுக்குப் பேர் பிஓஇ. டீலர் 370 வாட் மாடல் போட்டிருந்தார். அந்த எண் எங்கேருந்து வருது தெரியுமா? பழைய பிஓஇ தரத்துல ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் 15.4 வாட். 24 போர்ட்டுக்கு 369.6. அதாவது எல்லா போர்ட்டும் ஒரே நேரத்துல உச்சத்துல இழுத்தா வேணும். சாதாரண கேமராவுக்கு 7 வாட், வைஃபைக்கு 15 வாட்னு வெச்சாகூட 158 தான் வருது. 195 வாட் மாடல் போதும். இந்த ஒரு கணக்குலயே விலை கணிசமா இறங்கும்.

அதுக்காக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கற 8 போர்ட் பெட்டி மூணு வாங்கி ஒண்ணோட ஒண்ணு கோத்து விடலாமான்னு அவன் கேட்டான். வேணாம்டா மச்சான்னேன். கடையில யாராவது சுத்தம் பண்ணும்போது தொங்குற கேபிளோட ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்ல சொருகினா போதும். லூப் ஆகி டேட்டா சுத்திச் சுத்தி வந்து, மொத்தக் கடையும் உறைஞ்சு நிக்கும். ஆவணி முகூர்த்த சீசன்ல, கல்யாண வீட்டுக்காரங்க இருபது பேர் வேன்ல வந்து இறங்கியிருக்கும்போது பில் போட முடியலைன்னா எப்படி இருக்கும்? இதைத் தடுக்கறது ஸ்பானிங் ட்ரீ. கஸ்டமர் வைஃபையில இருக்கறவங்க பில்லிங் கம்ப்யூட்டரைத் தொடாம பிரிச்சு வைக்கறது விலேன். இதெல்லாம் ஐஇஇஇ வகுத்த பொதுத் தரங்கள். எந்த பிராண்டுக்கும் சொந்தமில்ல. மேனேஜ்டு ஸ்விட்ச்னு விக்கறதுல பெரும்பாலும் கூடவே வரும், வருஷ வாடகை இல்லாம.

அப்படி வாடகை கேட்காத பெட்டிகளும் நிறைய இருக்கு. யூபிக்விட்டியோட யூனிஃபை, அருபாவோட இன்ஸ்டன்ட் ஆன் ரெண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் இல்ல. டிபி-லிங்க் ஓமாடாவை நம்ம கம்ப்யூட்டர்லயே இலவச சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்துக்கலாம். மைக்ரோடிக்ல ராவுட்டர்ஓஎஸ் லைசென்ஸ் பெட்டி விலைக்குள்ளயே அடங்கிடும், ஆனா அதைக் கத்துக்க ஒரு ஜென்மம் வேணும் (சிரிப்பு).

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், எண்கள் நான் வெச்சுக்கறது. ஜிஎஸ்டி 18 சதவீதத்தைத் தள்ளி வெச்சுடுங்க, கடைக்கு அது இன்புட் கிரெடிட்டா வந்துடும். லைசென்ஸ் கட்டாயமான பெட்டி 1 லட்சம், மூணு வருஷ லைசென்ஸ் 40,000. 9 வருஷம் ஓட்டினா 2,20,000. வாடகை இல்லாத பெட்டி 60,000ன்னா, அதே மாடல்ல இன்னொண்ணு வாங்கி பீரோவுல வெச்சாலும் 1,20,000. ஒரே ஒரு கடைக்கு அந்த பீரோ பெட்டியை விட நல்ல சர்வீஸ் கான்ட்ராக்ட் எனக்குத் தெரியல. போச்சுன்னா கேபிளைப் பிடுங்கி இதுல சொருகிட்டு, எடுத்து வெச்ச செட்டிங்ஸை ஏத்தினா முடிஞ்சது.

லைசென்ஸே ஏமாத்துன்னு நான் சொல்லல. 30 ஊர்ல கிளை இருக்கற நகைக்கடைக்கு, சென்னையில ரெண்டே ஐடி ஆளு உக்காந்து எல்லாத்தையும் பார்த்துக்கணும்னா, மெராக்கி மாதிரி ஒண்ணுக்குக் காசு குடுக்கறது நியாயம். ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பற பஸ் செலவும் நேரமும் மிச்சம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் சிஸ்கோ வாங்கலாமான்னும் அவன் கேட்டான். 2960-எக்ஸ் நல்ல பெட்டிதான். ஆனா விற்பனை 2022 அக்டோபர்லயே நின்னுடுச்சு, கம்பெனி சப்போர்ட் 2027 அக்டோபர் 31 வரைக்கும்தான். தவிர, பழசு வாங்குனா பெட்டி கை மாறும், அதுல இருக்கற சாஃப்ட்வேர் லைசென்ஸ் பொதுவா கை மாறாது. வீட்ல கத்துக்க வாங்குங்க, கடைக்கு வேணாம்.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. குடோன் 100 மீட்டருக்கு மேல தள்ளி இருந்தா சாதாரண கேபிள் போதாது, ஃபைபர் போடணும். அதுக்கு ஸ்விட்ச்ல எஸ்எஃப்பின்னு ஒரு விரல் அளவு மாட்யூல் சொருகணும். சில பிராண்டு ஸ்விட்ச் வேற கம்பெனி மாட்யூலைச் சொருகினா ஏத்துக்காது. ஒளியும் அதே ஒளி, தரமும் அதே தரம். சொந்த பிராண்டு மாட்யூல் விலை மட்டும் பல மடங்கு. கொட்டேஷன்ல அந்த வரியையும் தனியா பாருங்க.

2024 செப்டம்பர்ல சிஸ்கோ, ஃப்ளெக்ஸ் கம்பெனியோட சேர்ந்து சென்னையில உற்பத்தி தொடங்குனதா அறிவிச்சாங்க, முதல்ல என்சிஎஸ் 540 ராவுட்டர். 'இங்கேயே செய்றாங்களே, விலை குறையுமா'ன்னு அவன் அப்பா கேட்டார். பெட்டி விலை ஒருவேளை குறையலாம்ப்பா, ரெண்டாவது வரி ஃபேக்டரியில செய்றது இல்லையேன்னேன்.

கடைசியில வாடகை இல்லாத 24 போர்ட் பெட்டி ரெண்டு வாங்கினாங்க. ஒண்ணு ரேக்குல, ஒண்ணு ஜரிகை வைக்கற பீரோவுல. டீலர் அதே டீலர்தான்.

உங்க ஆபீஸ்லயோ வீட்டுக் கடையிலயோ ஸ்விட்ச் இருந்தா, லைசென்ஸ் முடியற தேதி யாருக்குத் தெரியும்னு இந்த வாரம் கேட்டுப் பாருங்க. பதில் வந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல கேமரா ரெக்கார்டிங்கை எத்தனை நாள் வைக்கணும், அதுக்கு எவ்வளவு ஹார்டு டிஸ்க் வேணும்னு பார்ப்போம்.