வகுத்துப் பாராமல் அறிந்த எண்



கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதியிருக்கிறோம்: 170141183460469231731687303715884105727. முப்பத்தொன்பது இலக்கங்கள். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது இது. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண். அதனை நிறுவியவர் எடுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், ஆண்டு 1876. அவர் எங்ஙனம் அறிந்தார் என்பதே நமது கேள்வி.

பாடசாலையில் நாம் கற்ற வழி, வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. விநாடிக்கு ஒரு வகுத்தலாக இரவு பகல் ஓயாது செய்தாலும் இவ்வெண்ணுக்கு நாற்பதாயிரங் கோடி ஆண்டுகள் செல்லும். இதனைக் கேட்ட நண்பரொருவர், "அப்படியானால் பெரியவர் ஒருவர் சொன்னாரென்று நம்பவேண்டியதுதானே?" என்றார்.

அப்படி நம்புவதில் இடருண்டு. 1644இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி இவ்வின எண்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதிலே சுட்டி 127 சரி; 67உம் 257உம் பிழை; 61, 89, 107 விடுபட்டன. பட்டியல் முற்றாகத் திருந்தியது 1947இல். முந்நூறு ஆண்டுகள்!

லூக்காஸின் வழியை 1930இல் லேமர் என்னும் அமெரிக்கர் செம்மைப்படுத்தினார். சுட்டி, இரண்டல்லாத முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். நான்கில் தொடங்கி, வர்க்கித்து, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமாயின் அது முதன்மை எண், அன்றேல் அன்று.

சுட்டி ஐந்தாயின் எண் 31. நான்கின் வர்க்கம் 16, இரண்டு போக 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போக 194. 31ஆல் வகுக்க மீதி 8. அதன் வர்க்கம் 64, இரண்டு போக 62; மீதி பூச்சியம். மூன்றே தடவைகள்! கரும்பலகையிலுள்ள எண்ணுக்கு 125 போதும். இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு நிறுவலுண்டு. இன்றைய வேளை அதற்குப் போதாது.

சுட்டி 67க்குரிய எண் முதன்மை எண்ணன்று என்பதையும் லூக்காஸ் அதே ஆண்டிற் காட்டினார். ஆனால் அதனை எது வகுக்கும் என்று அவராற் சொல்ல முடியவில்லை. பூட்டிய வீட்டினுள் ஆளுண்டு என்பது தெரியும், யாரென்று தெரியாது என்பதுபோல. நமக்கும் முதலில் இது மனங்கொள்ளவில்லை. வகுக்கும் எண்ணைக் காட்டாமல் வகுபடும் என்பதெப்படி? 1903இல் நியூயோர்க்கிலே கோல் என்பவர் அவ்வெண்ணை 193707721, 761838257287 என்னும் இரண்டின் பெருக்கமாக எழுதிக் காட்டினார். லூக்காஸ் சொன்னது சரியே.

இன்று கணினிகளுக்கும் இவ்வழியே உதவுகிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களையுடைய முதன்மை எண்ணையும் இதனாலேயே உறுதி செய்தனர்.

இன்னுமொன்று. சுட்டி 2 ஆயின் 3 வரும். 3 ஆயின் 7. 7 ஆயின் 127. 127 ஆயின் நமது எண். நான்கும் முதன்மை எண்கள். நமது எண்ணையே சுட்டியாக்கினால்? அதனைத் தாளில் எழுதவும் உலகில் இடமில்லை. லூக்காஸின் வழியிற் சென்றாலும் தடவைகளின் தொகையே முப்பத்தொன்பது இலக்கம். அது முதன்மை எண்ணோ அன்றோ, இன்றுவரை அறிந்தார் எவருமிலர்.