வினைச்சொல் நிற்கும் இடம்



எங்கள் சோழவரத்திலிருந்து பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காட்டை அடையலாம். டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1825-இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை அழிந்தது, கல்லறைத் தோட்டம் எஞ்சியிருக்கிறது. ஒருமுறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது ஒருவன், "ஐயா, எழுத்து ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது. பொருள்தான் விளங்கவில்லை. ஏன்?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

டச்சும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்து மொழிகள். ஆங்கிலத்தில் 'புக்' என்பது டச்சில் 'பூக்'. சொற்கள் உறவு காட்டும். ஆனால் அவை நிற்கும் வரிசை வேறு. "நான் நாளை ஒரு புத்தகம் வாசிக்க விரும்புகிறேன்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலேயர் இதனை, 'நான் – விரும்புகிறேன் – வாசிக்க – ஒரு – புத்தகம் – நாளை' என அடுக்குவர். டச்சுக்காரரோ, 'இக் வில் மொர்கன் அன் பூக் லேஸன்' என்பர். அதாவது, 'நான் – விரும்புகிறேன் – நாளை – ஒரு – புத்தகம் – வாசிக்க.' ஒரு வினை முன்னே நிற்க, மற்றது கடைசிக்குப் போய்விட்டது!

இதற்கு விதி உண்டு. சாதாரணக் கூற்று வாக்கியத்தில் முதன்மை வினை இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. 'நாளை' என்று தொடங்கினால், 'நாளை – விரும்புகிறேன் – நான்' என எழுவாய்தான் பின்னே நகரும். எஞ்சிய வினை இறுதியில் காத்திருக்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இங்கேதான் தடுமாறுவர். வாக்கியம் முடியும்வரை பொறுமை வேண்டும்.

இன்னொரு விதி நமக்கு உவப்பானது. 'ஏனெனில்' போன்ற இணைப்புச் சொல்லால் தொடங்கும் சார்பு வாக்கியத்தில் முதன்மை வினையும் இறுதிக்கே போகும். 'ஓம்டாட் இக் அன் பூக் லேஸ்': 'ஏனெனில் – நான் – ஒரு – புத்தகம் – வாசிக்கிறேன்.' இது நம் தமிழ் வரிசையே அன்றோ?

இங்கே என் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஆங்கில வினையை வாக்கியக் கடைசியில் எழுதிய சிறுவன் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்தி நகைத்தேன். பின்னர் அவன் என் வகுப்பில் கை உயர்த்தியதே இல்லை. அவன் அறிவற்றவன் அல்லன். தாய்மொழியின் ஒழுங்கைப் பிறமொழியிலும் காத்தான். இரண்டு வரிசைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டியிருந்தால் போதும். பிழையும் திருந்தியிருக்கும், அவன் உள்ளமும் வாடியிராது.

டச்சுக் கம்பெனியின் ஏடுகள் பல சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இக்கரையில் துணி நெய்தோர் வாழ்வும், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் துயரமும் டச்சு ஆவணங்களில் பதிந்துள்ளன. அவற்றைப் படிக்க நம்மவர் வேண்டும். பிறமொழி கற்கும்போது, "இது ஏன் ஆங்கிலம்போல் இல்லை?" என்று மலைக்காதீர்கள், "வினை எங்கே நிற்கிறது?" என்று தேடுங்கள். கையில் தமிழ் என்னும் அளவுகோல் இருக்கிறது. அது பல இடங்களில் உங்களுக்கு உதவும்.