புளியந்தீவை வலம் வருவோம்



ஸ்பெயின் நாட்டின் வடமேற்கே லூகோ என்றொரு பழைய நகரம் உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் உரோமர் எழுப்பிய மதில் இன்றும் அந்நகரை முழுவதும் சூழ்ந்து நிற்கின்றது. அதன் சுற்றளவு 2 கிலோமீற்றருக்குச் சற்றே மிகும். பகைவரை எதிர்பார்த்துக் காவலர் உலாவிய அம்மதிலின் உச்சியிலே இன்று ஊர்மக்கள் நடக்கிறார்கள். சிலர் மெல்லோட்டம் ஓடுகிறார்கள். அஞ்சிக் கட்டியதொன்று ஆரோக்கியத்திற்கு உதவுவதாயிற்று.

நமது மட்டக்களப்பிலும் அத்தகையதொரு வட்டம் உண்டு. புளியந்தீவைச் சூழ்ந்த மதில் கல்லாலானதன்று, நீராலானது. அத்தீவின் கரையிலே 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். அக்காலத்தில் போர்த்துக்கல்லும் ஸ்பானிய மன்னனின் முடியின் கீழேயே இருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். கோட்டையின் இரு புறம் வாவி. மற்றை இரு புறம் அகழி. எனினும் பத்தாண்டுகளே அது அவர்கள் கையில் நின்றது. 1638இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் வசமான முதற் கோட்டை இதுவே. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

இக்கோட்டை வாயிலிலிருந்து புறப்படுவோம். நகரம் வலக்கைப்புறமும் வாவி இடக்கைப்புறமும் இருக்குமாறு செல்வதே வலம் வருதலாகும். கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு இம்முறையைக் கற்பிக்கவேண்டுவதில்லை. கரையோரத் தெருவைப் பற்றிச் செல்க. தெரு கரையைவிட்டு விலகுமிடத்தில் குறுக்குத் தெருவால் மீண்டும் கரைக்கு வருக. ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், மரியன்னை பேராலயம், 1814இல் வில்லியம் ஓல்ற் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த கல்லூரி, 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி ஆகியன யாவும் இச்சிறு தீவினுள்ளேயே அமைந்துள்ளன. பல நூற்றாண்டுகளை ஒரு காலைப்பொழுதிற் சுற்றி வந்துவிடலாம்.

எவ்வளவு வேகமாக ஓடுவது? வைத்தியர்கள் எளியதோர் அளவுகோல் சொல்வர். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். ஆனால் பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே மிதமான வேகம். பாடுவதை வாவி மீன்களுக்கு விட்டுவிடுவோம்! 1848இல் எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி இவ்வாவியிற் படகேறி அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார்.

முதல் ஐந்து நிமிடம் நடக்க. பின்னர்ச் சிறிது ஓடி, சிறிது நடந்து, மீண்டும் ஓடுக. வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது; நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாளில் அது நிறைவேறும். நமது ஊரின் காற்று ஈரமிக்கது. வெயிலேறிய பின் ஓடுவது உடலை வருத்தும். ஆகவே விடியற்பொழுதே ஏற்றது. வாடைக்காற்று மழை பெய்யும் மாதங்களிற் பாசி படிந்த கரையில் வழுக்கும்; அப்போது நடையே போதும். நெஞ்சுநோயோ நீரிழிவோ உடையோர் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குக.

இதில் உடல்நலம் மட்டுமா உண்டு? இல்லை. இந்நகரத்தில் ஓட்டம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. 2009இல் முடிவுற்ற போரின் ஆண்டுகளில் விடியலில் ஒருவன் ஓடக் கண்டால், கண்டவர் நெஞ்சு துணுக்குறும். யாரோ துரத்துகிறார்கள் என்றே பொருள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், நாவலடியிலும் கல்லடியிலும் கடலுக்கு அஞ்சி மக்கள் ஓடினார்கள். ஓடினவர்களுட் பலர் மீளவில்லை.

அச்சத்தால் ஓடுகிறவன் நேரே ஓடுகிறான். எங்கே போய்ச் சேர்வான் என்பதை அவன் அறியான். வட்டமாக ஓடுகிறவனோ புறப்பட்ட இடத்திற்கே மீள்கிறான். அங்கே தன் வீடும் தன் மக்களும் இருப்பர் என்ற உறுதி அவனுக்கு உண்டு. ஆகவேதான் இந்த வட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டன் கைபிடித்துப் பேரப்பிள்ளை நடக்க, தாயும் மகளும் அச்சமின்றி முன்னே ஓட, தோணிக்காரர் வலையை உதறியபடி நலம் விசாரிக்கும் ஒரு விடியல், வேறு ஊர்களில் சாதாரணமாக இருக்கலாம். நமக்கு அது தேடிப் பெற்ற செல்வம்.

பயன்படுத்தாத பாதை புல்மூடிப் போகும். நாளை விடியலிற் கோட்டை வாயிலுக்கு வாருங்கள். வரும்போது அயலவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.